நலம் காப்போம்: கரு தங்காததற்கும் கால் வீங்கியதற்கும் என்ன தொடர்பு?



இந்த மாதம் பெயரே வாயில் நுழையாத ஒரு நோயைப் பற்றி எழுதுகிறேன். வைத்தியர்கள் இதனை 'அன்டி பொஸ்போலிப்பிட் சின்ட்ரோம்' என்பார்கள். இதனை முதலில் விளக்கி எழுதிய வைத்தியரின் பெயரால் 'ஹியூஸ் சின்ட்ரோம்' என்றும் சொல்வதுண்டு. இங்கிலாந்தில் இந்நோய் உள்ளவர்கள் 'ஒட்டும் இரத்தம்' என்று சுருக்கமாகச் சொல்லிக்கொள்கிறார்கள். நமக்கும் அந்தப் பெயரே போதும்.

இதை ஏன் எழுதவேண்டும் என்று கேட்பீர்கள். நமது பக்கத்துக்கு வரும் கடிதங்களில் மூன்று கவலைகள் திரும்பத் திரும்ப வருகின்றன. "கரு தங்குவதில்லை. பங்கருக்குள் இருந்த காலத்தில் ஷெல் சத்தத்துக்குப் பயந்ததால்தான் என்று எல்லாரும் சொல்கிறார்கள்" என்பது ஒன்று. "காயம் பட்ட கால் வீங்குவதும் வற்றுவதுமாக இருக்கிறது. உள்ளே இரும்புத்துண்டு கிடப்பதால் அப்படித்தான் இருக்குமாம்" என்பது இன்னொன்று. "திடீரென்று மூச்சு முட்டுகிறது, நெஞ்சு அடைக்கிறது. யோசனைதான் காரணம், கோயிலுக்குப் போய் வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்" என்பது மூன்றாவது.

போர் நம் உடம்பிலும் மனதிலும் விட்டுச்சென்றது கொஞ்சமல்ல. அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் எல்லாவற்றுக்கும் போரையே காரணமாகச் சொல்லிவிட்டால், மருந்துள்ள ஒரு நோய் உள்ளே ஒளிந்திருந்தாலும் அதைத் தேட ஆளில்லாமல் போய்விடும். மேலே சொன்ன மூன்று கவலைகளும் ஒரே பெண்ணிடம் இருந்ததை நான் இங்கே வட்டகொடையில் கண்டிருக்கிறேன். மூன்றுக்கும் காரணம் ஒன்றாகவே இருந்தது. நான் வைத்தியர் அல்ல, தாதியாக வேலை செய்து ஓய்வு பெற்றவள். ஆகவே இதை வாசித்துவிட்டு நீங்களாக எந்த முடிவுக்கும் வராமல், வைத்தியரிடம் கேட்க வேண்டிய கேள்விகளாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நோயைப் புரிந்துகொள்வோம். கவ்வாத்து மலையில் குச்சி கிழித்து இரத்தம் வந்தால் சற்று நேரத்தில் அது உறைந்து நின்றுவிடுகிறது அல்லவா? அந்த உறைதல் காயம்பட்ட இடத்தில் மட்டும் நடக்க வேண்டும். இரத்தக் குழாய்க்குள்ளே, காயம் ஏதும் இல்லாமல் நடந்தால் ஆபத்து. நோய்க்கிருமி வந்தால் எதிர்த்துப் போராடுவதற்காக நமது உடம்பு பிறபொருளெதிரி என்று ஒன்றை உண்டாக்குகிறது. பாடசாலையில் விஞ்ஞானப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். சிலருடைய உடம்பில் இந்தப் பிறபொருளெதிரிகள் ஆள் மாறி, தன் உடம்பில் உள்ள கொழுப்புப் பொருட்களோடு சேர்ந்திருக்கும் புரதங்களையே எதிரியாக நினைத்துத் தாக்குகின்றன. அதன் விளைவாக இரத்தம் தேவையில்லாத இடத்தில் கட்டியாகிறது. காலின் நாளத்தில் கட்டினால் கால் வீங்கும். அந்தக் கட்டி கழன்று நுரையீரலுக்குப் போனால் மூச்சு முட்டும். மூளைக்குப் போகும் குழாயை அடைத்தால் பாரிசவாதம். கருவுற்றிருக்கும்போது சூல்வித்தகத்தை, அதாவது நாம் நச்சுக்கொடி என்று சொல்வதை, இந்தப் பிறபொருளெதிரிகள் கெடுத்துவிட்டால் பிள்ளைக்குப் போகவேண்டிய ஊட்டம் போகாது.

1983ஆம் ஆண்டு லண்டனில் கிரஹாம் ஹியூஸ் என்ற வைத்தியரும் அவருடன் வேலை செய்த நைஜல் ஹரிஸ், அசீஸ் கராவி முதலானோரும் இதை ஒரு தனி நோயாக எழுதிக் காட்டினார்கள். அதற்கு முன்பும் பெண்கள் இதனால் துன்பப்பட்டுத்தான் இருந்திருப்பார்கள். கால் வீக்கத்தை ஒரு வைத்தியரும், கருச்சிதைவை இன்னொருவரும், பாரிசவாதத்தை மூன்றாமவரும் பார்த்ததால் ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்க ஆளில்லை. இன்றும் பல இடங்களில் அதே கதைதான். ஐரோப்பாவில் இந்நோய் உள்ள 1000 பேரைப் பதிவுசெய்து 2002இல் வெளியிட்ட ஆய்வொன்றில் 820 பேர் பெண்கள். ஆகவே இது நமது பக்கத்தில் எழுதவேண்டிய விடயம்தான்.

இனி அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். அவருடைய சம்மதத்துடன்தான் எழுதுகிறேன், பெயர் வேண்டாம் என்றார். தங்கச்சி என்றே குறிப்பிடுகிறேன். தாய் தகப்பன் இந்த மலையில் பிறந்தவர்கள். 1977 கலவரத்தில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வன்னிக்குப் போனவர்கள். தங்கச்சி பிறந்து வளர்ந்து மணமுடித்தது கிளிநொச்சிப் பக்கத்தில். 2007இல் இரண்டு மாதக் கரு கலைந்தது. 2008இன் கடைசியில் இடம்பெயர்ந்து ஓடிக்கொண்டிருந்தபோது ஐந்து மாதப் பிள்ளை வயிற்றிலேயே இறந்தது. அடுத்த வருடம் காலில் ஷெல் துண்டு பட்டது. முகாமில் இருந்து வெளியே வந்தபின், 2011இல் சின்னம்மாவை நம்பி மீண்டும் இந்த மலைக்கே வந்து, பேர் பதிந்து கொழுந்து எடுக்கத் தொடங்கினார்.

2012இல் மூன்றாவது கரு. கிளினிக்கில் எல்லாக் கர்ப்பிணித் தாய்மாருக்கும் எடுப்பது போல வி.டி.ஆர்.எல். என்ற இரத்தப் பரிசோதனை எடுத்தார்கள். சிபிலிஸ் என்ற பாலியல் நோய் இருக்கிறதா என்று பார்ப்பதற்கானது அது. பொசிட்டிவ் என்று வந்தது.

சகோதரிகளே, அந்த ஒரு சொல் ஒரு வீட்டில் என்னவெல்லாம் செய்யும் என்று நான் விளக்கத் தேவையில்லை. கணவர் கொழும்பில் கடையில் வேலை. மாமியார் காதுக்கு விடயம் எப்படியோ போய்ச் சேர்ந்தது. "காம்ப்புல இருந்தப்ப என்ன நடந்திச்சோ" என்று அவர் லயத்து வாசலில் நின்று கேட்டாராம். முகாமில் இருந்து வந்த ஒரு பெண்ணிடம் இதைவிடக் கொடிய கேள்வி ஒன்று இருக்க முடியுமா? தங்கச்சியும் கணவரும் பாலியல் நோய் சிகிச்சை நிலையத்துக்குப் போனார்கள். அங்கே உறுதிப்படுத்தும் பரிசோதனை செய்து, இருவருக்கும் நோய் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். அத்தோடு அந்த விடயம் மூடப்பட்டது. நோய் இல்லையென்றால் முதல் பரிசோதனை ஏன் பொசிட்டிவ் ஆனது என்று யாரும் யோசிக்கவில்லை.

அதற்கான விடை பழையது. 1906இல் ஜேர்மனியில் வாசர்மன் என்பவர் சிபிலிஸுக்கு இரத்தப் பரிசோதனை கண்டுபிடித்தார். 1941இல் அமெரிக்காவில் மேரி பாங்போர்ன் என்ற பெண் விஞ்ஞானி மாட்டின் இதயத்தில் இருந்து ஒரு கொழுப்புப் பொருளைப் பிரித்தெடுத்து, இந்தப் பரிசோதனைக்கு உண்மையில் தேவைப்படுவது இதுதான் என்று காட்டினார். இதயத்தில் இருந்து வந்ததால் அதற்கு கார்டியோலிப்பின் என்று பெயர். வி.டி.ஆர்.எல். பரிசோதனையில் இன்றும் அந்தப் பொருளே பயன்படுகிறது. ஒட்டும் இரத்த நோய் உள்ளவர்களின் பிறபொருளெதிரியும் அதே கார்டியோலிப்பினோடு போய் ஒட்டிக்கொள்ளும்! அதனால் எந்தப் பாலியல் நோயும் இல்லாத பெண்ணுக்கும் பொசிட்டிவ் என்று வரலாம். 1950களிலேயே வைத்தியர்கள் இதை எழுதி வைத்திருக்கிறார்கள்.

இதை வாசித்துவிட்டு அந்தப் பரிசோதனையே வேண்டாம் என்று யாரும் முடிவு செய்துவிடக் கூடாது. சிபிலிஸும் வயிற்றுப் பிள்ளையைக் கொல்லும். அதற்கு பெனிசிலின் என்ற நல்ல மருந்து இருக்கிறது. இந்தப் பரிசோதனையை விடாமல் செய்துவந்ததால்தான், தாயிடம் இருந்து பிள்ளைக்கு சிபிலிஸும் எச்.ஐ.வி.யும் பரவுவதை ஒழித்த நாடு என்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்றிதழ் கொடுத்தது. நான் சொல்வது இவ்வளவுதான்: பொசிட்டிவ் என்றால் உறுதிப்படுத்தும் பரிசோதனை வரும்வரை யாரும் யாரையும் குற்றம் சொல்லக்கூடாது. அந்த இரண்டாவது பரிசோதனை 'இல்லை' என்று வந்தால், "அப்படியானால் எனக்கு வேறு என்ன?" என்று கட்டாயம் கேளுங்கள். முக்கியமாக, முன்பு கரு கலைந்தவர்கள் கேட்க வேண்டும்.

தங்கச்சிக்கு ஏழாம் மாதத்தில் பிரஷர் ஏறி, பிள்ளை அசைவு நின்றுபோனது. அதை விரித்து எழுத எனக்கு மனம் வரவில்லை.

இரண்டு வருடம் கழித்து, 2014இல், ஒரு காலை. மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவரின் வலது கையில் இருந்து கொழுந்து நழுவி நழுவி விழுந்தது. பக்கத்து நிரையில் நின்றவர் கேட்டதற்குப் பதில் சொல்லப் போனால் நாக்கு குழறியது. கால் மணித்தியாலத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. "பசி மயக்கம், சீனித் தண்ணி குடி" என்றார்கள். அன்று நிரையில் நின்ற ஒரு கிழவிதான் "வாய் கோணுச்சு, நான் பார்த்தேன்" என்று பிடிவாதம் பிடித்து டிஸ்பென்சரிக்கு இழுத்துப்போனார். அந்த அம்மாளுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ஆனால் அன்று சரியாகச் சொன்னவர் அவர் ஒருவர்தான். கால் மணித்தியாலத்தில் மாறிவிடும் இப்படிப்பட்ட தாக்கம் பெரிய பாரிசவாதத்துக்கு முன்னறிவிப்பு. மாறிவிட்டது என்று விட்டுவிடக் கூடாது.

பெரிய வைத்தியசாலையில் இதயத்தை எக்கோ ஸ்கான் செய்தபோது இதயத்தில் ஓர் ஓட்டை இருப்பது தெரிந்தது. வீட்டில் எல்லாருக்கும் ஒருவித நிம்மதி. காரணம் கிடைத்துவிட்டது, ஓட்டையை அடைத்தால் முடிந்தது! இங்கேதான் நான் சற்று நிதானமாக விளக்க வேண்டும். ஏனென்றால் இந்த நோயைக் கண்டுபிடிப்பதில் பெரிய குழப்பத்தை உண்டாக்குவது இதயம்தான்.

தாயின் வயிற்றில் இருக்கும்போது பிள்ளை மூச்சு விடுவதில்லை. ஆகவே இரத்தம் நுரையீரலுக்குப் போய்ச் சுற்றி வரத் தேவையில்லை. வலது மேலறையில் இருந்து இடது மேலறைக்கு நேரே போவதற்கு ஒரு சிறிய வாசல் இருக்கும். பிறந்து முதல் மூச்சு எடுத்ததும் அந்த வாசலின் கதவு சாத்திக்கொள்ளும், நாளடைவில் ஒட்டிவிடும். எல்லாருக்கும் அது முழுதாக ஒட்டுவதில்லை. 1984இல் அமெரிக்காவில் மேயோ கிளினிக்கில் இறந்தவர்களின் 965 இதயங்களைத் திறந்து பார்த்ததில் 100க்கு 27 பேருக்கு அந்த வாசல் சிறிதளவாவது திறந்தே இருந்தது. அதாவது நான்கு பேரில் ஒருவருக்கு. அவர்களில் மிகப் பெரும்பாலோர் ஒரு தொந்தரவும் இல்லாமல் வாழ்ந்து முடிகிறார்கள்.

காலில் உண்டாகும் இரத்தக்கட்டி வழக்கமாக நுரையீரலில் போய்ச் சிக்கும். அந்த வாசல் திறந்திருந்தால் கட்டி இடப்பக்கம் தாவி மூளைக்குப் போய்விடலாம். ஆகவே இளவயதுப் பாரிசவாதத்தில் ஓட்டையைக் கண்டால் வைத்தியர்கள் அதைச் சந்தேகிப்பது நியாயம். 2017இல் வெளியான சில பெரிய ஆய்வுகள், வேறு காரணம் எதுவும் இல்லாத 60 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஓட்டையை அடைப்பது மறுபடி பாரிசவாதம் வருவதைக் குறைக்கிறது என்று காட்டின. 'வேறு காரணம் எதுவும் இல்லாத' என்ற சொற்களைக் கவனியுங்கள். கதவு திறந்திருந்தது சரி, வந்த திருடன் யார் என்று பார்க்க வேண்டாமா? கட்டி ஏன் உண்டானது என்று தேடாமல் ஓட்டையை மட்டும் அடைத்தால், ஒட்டும் இரத்தம் உள்ள பெண்ணுக்கு அடுத்த கட்டி காலிலோ, நுரையீரலிலோ, நேரே மூளையின் குழாயிலோ வரலாம். மூளைக் குழாயில் கட்டி உண்டாவதற்கு ஓட்டையே தேவையில்லை.

பிறவியிலேயே பெரிய ஓட்டை உள்ளவர்களிடம் குழப்பம் வேறு மாதிரி. பெரிய ஓட்டையினால் இதயத்தின் வலப்பக்கம் பருத்துப்போகும். நுரையீரலில் இரத்தக்கட்டிகள் சேர்ந்தாலும் வலப்பக்கம் பருக்கும். இரண்டிலும் மூச்சு வாங்கும். "உனக்குத்தான் பிறவியிலேயே ஓட்டை இருக்கிறதே" என்று பழைய கதையிலேயே நின்றுவிட்டால் புதிய கட்டி தெரியாமல் போய்விடும்.

நமது மலைநாட்டில் இன்னுமொரு விடயம் உண்டு. ஒரே காம்பராவில் ஏழெட்டுப் பேர் நெருங்கி வாழ்ந்த லயங்களில், பிள்ளைகளுக்குத் தொண்டை நோவைத் தொடர்ந்து மூட்டுவாதக் காய்ச்சல் வந்து இதய வால்வு பழுதாகும். மாதாமாதம் பெனிசிலின் ஊசி போடும் பெண்கள் பலரை நீங்களும் அறிவீர்கள். ஒட்டும் இரத்த நோயும் வால்வைத் தடிக்கச் செய்யும். வால்வில் பரு போன்ற சிறு முடிச்சுகளையும் உண்டாக்கும். 1924இல் நியூயோர்க்கில் லிப்மன், சாக்ஸ் என்ற இரு வைத்தியர்கள் இதை முதலில் எழுதினார்கள். எக்கோவில் பார்க்கும்போது இது மூட்டுவாதக் காய்ச்சலின் வால்வு போலவே தோன்றக்கூடும். சிறுவயதில் காய்ச்சலும் மூட்டு வீக்கமும் வந்த ஞாபகமே இல்லாமல், முப்பது வயதில் புதிதாக 'வால்வு தடிப்பு' என்று சொல்லப்பட்ட பெண், அதோடு கருச்சிதைவும் உள்ளவர் என்றால், "எனக்கு அந்த இரத்தப் பரிசோதனை வேண்டுமா ஐயா?" என்று கேட்கலாம். அதற்காகப் போட்டுவரும் பெனிசிலின் ஊசியை நிறுத்திவிடாதீர்கள்.

தங்கச்சியின் விடயத்தில் ஓட்டையை அடைப்பதற்கு முன் இன்னொரு நிபுணரிடம் அனுப்பினார்கள். அவர் எக்கோ அறிக்கையை ஒரு பக்கம் வைத்துவிட்டு, "உங்களுக்கு எத்தனை பிள்ளைகள்?" என்று கேட்டார். "புள்ளைங்க இல்லைங்க." "எத்தனை முறை உண்டானீர்கள்?" அதுவரை பாரிசவாதத்துக்காகப் பார்த்த யாரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. தங்கச்சி மூன்றையும் சொன்னார். வி.டி.ஆர்.எல். கதையையும் அழுதுகொண்டே சொன்னார். காலை ஸ்கான் செய்தபோது, ஷெல் துண்டுக்குச் சம்பந்தமே இல்லாத இடத்தில், தொடை நாளத்தில் ஒரு பழைய கட்டி இருந்தது. பின்பு இரத்தப் பரிசோதனை.

இந்தப் பரிசோதனை மூன்று வகைப்படும். லூபஸ் அன்டிகோகுலன்ட், அன்டி கார்டியோலிப்பின், அன்டி பீட்டா-2 கிளைக்கோபுரோட்டீன் என்று பெயர். ஒருமுறை பொசிட்டிவ் ஆனால் போதாது. சாதாரணத் தொற்றுக்காய்ச்சல் வந்தாலும் சில வாரங்களுக்கு இவை தோன்றி மறையும். ஆகவே 12 வாரம் கழித்து மறுபடி எடுக்க வேண்டும். இரண்டு முறையும் இருந்தால்தான் உறுதி. இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுத்துக்கொண்டிருந்தால் முதலாவது பரிசோதனை குழம்பிவிடும், அதனால் மருந்து விபரத்தை முதலிலேயே சொல்லிவிடுங்கள். பெயரில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. லூபஸ் அன்டிகோகுலன்ட் என்றால் உறைதலைத் தடுப்பது என்று அர்த்தம். பரிசோதனைக் குழாய்க்குள் அது உறைதலைத் தாமதிக்கச் செய்யும், உடம்புக்குள் நேர்மாறாக உறையச் செய்யும்! குருதிச் சிறுதட்டுகளும் இந்நோயில் சற்றுக் குறைந்திருப்பதுண்டு. நமது நாட்டில் சிறுதட்டு குறைந்தால் உடனே டெங்கு என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். காய்ச்சல் இல்லாமலே எப்போதும் குறைந்திருந்தால் காரணம் கேளுங்கள்.

தோலிலும் ஓர் அடையாளம் உண்டு. குளிரில் தொடையிலும் கையிலும் வலை விரித்தது போல ஊதா நிறக் கோடுகள் தெரியும். வட்டகொடைக் குளிரில் இதைப் பலர் கண்டிருக்கலாம். ஆனால் அடுப்பருகே காலை நீட்டிக் குளிர்காயும் பழக்கம் உள்ளவர்களுக்கும் அதே மாதிரி வலைத் தழும்பு வரும், அது வேறு. அடையாளம் இருப்பதாலேயே நோய் என்று பயந்துவிட வேண்டாம்.

இனி வைத்தியம். கட்டி ஒருமுறை வந்தவர்களுக்கு வார்பரின் என்ற குளிசை, பெரும்பாலும் ஆயுள் முழுக்க. இரத்தம் எந்த அளவு இளகியிருக்கிறது என்று பார்க்க ஐ.என்.ஆர். என்ற பரிசோதனையைத் தவறாமல் எடுக்க வேண்டும். பொதுவாக 2க்கும் 3க்கும் இடையில் வைத்திருப்பார்கள். பரிசோதனை தேவையில்லாத புதிய வகைக் குளிசைகளும் வந்திருக்கின்றன. ஆனால் 2018இல் வெளியான ஓர் ஆய்வில், மூன்று பரிசோதனையும் பொசிட்டிவ் ஆன நோயாளிகளுக்கு அவற்றில் ஒன்றான ரிவரொக்ஸபன் கொடுத்தபோது பாரிசவாதம் போன்றவை அதிகமாக வந்ததால் ஆய்வையே இடையில் நிறுத்தினார்கள். "சுகமான மருந்து ஒன்று இருக்கிறதாம்" என்று யாராவது சொன்னால் நீங்களாக மாறிவிடாதீர்கள்.

வார்பரின் எடுப்பவர்கள் கீரை சாப்பிடக்கூடாது என்று ஒரு பேச்சு இருக்கிறது. முருங்கையிலையும் வல்லாரையும் நமக்குக் காசில்லாமல் கிடைக்கும் சத்து, அதை ஏன் விடவேண்டும்? ஒரு வாரம் நிறைய, அடுத்த வாரம் ஒன்றுமே இல்லை என்று மாற்றாமல், எப்போதும் ஒரே அளவில் சாப்பிட்டால் போதும். கடையில் வாங்கும் உடம்பு வலிக் குளிசைதான் கூடாது. கூடை சுமந்து தோள் வலித்தால் பரசிட்டமோல் எடுக்கலாம், டைக்ளோபெனாக் போன்றவை வைத்தியரைக் கேட்காமல் வேண்டாம்.

பிள்ளை வேண்டும் என்பவர்களுக்கு நல்ல செய்தி இருக்கிறது. 1997இல் லண்டனில் இந்நோயால் மறுபடி மறுபடி கரு கலைந்த 90 பெண்களை இரண்டாகப் பிரித்தார்கள். சிறிய அளவு அஸ்பிரின் மட்டும் எடுத்த 45 பேரில் 19 பேருக்குப் பிள்ளை உயிரோடு பிறந்தது. அஸ்பிரினோடு ஹெப்பரின் ஊசியும் போட்ட 45 பேரில் 32 பேருக்குப் பிறந்தது. ஊசியைத் தினமும் வயிற்றில் தாமாகவே போட்டுக்கொள்ளப் பழக வேண்டும். இன்சுலின் போடுவது போலத்தான், ஒரு வாரத்தில் கை பழகிவிடும். வார்பரின் எடுப்பவர்கள் கருவுற்றால் அது பிள்ளையைப் பாதிக்கும். ஆகவே மாதவிடாய் தள்ளிப்போன உடனே, இரண்டு மூன்று மாதம் பார்ப்போம் என்று காத்திருக்காமல், கிளினிக்குக்குப் போய்ச் சொல்ல வேண்டும். கருவுறுவதற்கு முன்பே போய்ப் பேசுவது அதைவிட நல்லது.

தங்கச்சி இப்போது வார்பரினில் இருக்கிறார். இதய நிபுணர்கள் கூடிப் பேசி, ஓட்டையை அடைக்கத் தேவையில்லை, இரத்தத்தை இளக வைத்திருப்பதே முக்கியம் என்று முடிவு செய்தார்கள். இன்னொருவருக்கு வேறு முடிவு எடுக்கலாம், அது அவரவர் நிலையைப் பொறுத்தது. ஊசி போட்டுக்கொண்டு நான்காவது முறை முயற்சி செய்யலாமா என்று அவரும் கணவரும் ஒரு வருடம் யோசித்தார்கள். ஏற்கனவே மூளையில் கட்டி வந்திருப்பதால் ஆபத்து அதிகம் என்று வைத்தியர் ஒளிக்காமல் சொன்னார். தங்கச்சி வேண்டாம் என்று முடிவு செய்தார். முள்ளிவாய்க்காலில் இறந்த அக்காவின் மகள் முதலில் இருந்தே இவர்களோடுதான் இருக்கிறாள். "இவதான் எனக்கு இருக்காளே அக்கா" என்றார். மாமியாருக்கு நிபுணர் எழுதிய கடிதத்தைக் கணவர் வாசித்துக் காட்டினாராம். மாமியார் மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் கிளினிக் நாளில் விடியற்காலை எழுந்து ரொட்டி சுட்டுக் கொடுக்கிறார்.

கிளினிக் நாள் என்றால் ஒரு நாள் பேர் போய்விடும். தலவாக்கலைக்கு இறங்கி, பஸ் பிடித்து நுவரெலியாவுக்குப் போய், வரிசையில் நின்று, இரத்தம் கொடுத்து, மத்தியானம் துண்டு வாங்கித் திரும்புவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். அதனால் பலர் "போன மாதம் நல்லாத்தானே இருந்தது" என்று விட்டுவிடுகிறார்கள். கிளினிக் கொப்பியைத் தோட்டத்து நலன்புரி உத்தியோகத்தரிடம் காட்டி, போகும் நாட்களை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். குளிசை முடிந்துபோனால் அடுத்த கிளினிக் வரை காத்திருக்க வேண்டாம்.

கிளினிக் கொப்பியில் உங்கள் கருச்சிதைவுகளையும் எழுதச் சொல்லுங்கள். எந்த வருடம், எத்தனை மாதத்தில் என்று. வன்னியில் நடந்ததற்குத் துண்டு ஏதும் இல்லையே என்று தயங்க வேண்டாம், உங்கள் வாய்ச்சொல் போதும். பத்து வாரத்துக்குப் பிறகு காரணம் தெரியாமல் ஒரு பிள்ளை இறந்திருந்தாலும், அதற்கு முன் மூன்று முறை தொடர்ந்து கலைந்திருந்தாலும், பிரஷர் கடுமையாக ஏறி 34 வாரத்துக்கு முன் பிள்ளை எடுக்கப்பட்டிருந்தாலும் அதை வைத்தியருக்குச் சொல்ல வேண்டும். நீங்கள் போயிருப்பது நெஞ்சு வலிக்காக இருந்தாலும் சொல்லுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால், மூச்சு திடீரென முட்டினால், இருமும்போது இரத்தம் வந்தால், வாய் கோணினால், ஒரு கை சோர்ந்தால் அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

கடைசியாக, முல்லைத்தீவில் இருந்து எழுதிய சகோதரிக்கு. உங்களுக்கு இந்நோய் உறுதியாகிவிட்டது, கரு உண்டாகாமல் இருக்கத் தினமும் குளிசை குடிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். ஈஸ்ட்ரஜன் கலந்த குளிசை உங்களுக்குக் கூடாது. அது இரத்தத்தை இன்னும் உறையச் செய்யும். மூன்று மாத ஊசியையும் வைத்தியரைக் கேட்காமல் போட வேண்டாம். செம்பு லூப்பினால் இரத்தம் உறையும் பயம் இல்லை. ஆனால் நீங்கள் வார்பரின் எடுப்பதால் மாதவிடாய் அதிகமாகலாம். ஆகவே லூப் போடுவதற்கு முன் உங்கள் ஐ.என்.ஆர். துண்டைக் குடும்பநல மாதுவிடம் காட்டுங்கள். இது உங்கள் மகளுக்குத் தொற்றும் நோயல்ல. அவளைப் பிரித்துப் படுக்க வைத்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். அதற்கு அவசியமே இல்லை, இன்றிரவே பக்கத்தில் படுக்க வைத்துக்கொள்ளுங்கள்.